பவுச் பேக்கிங் மெஷின்: பழுது பார்க்கும் வரிசையும் பராமரிப்பும் - முழுமையான வழிகாட்டி

பவுச் மெஷினில் புதிதாக நிற்கிற எல்லோரும் செய்கிற முதல் தவறு ஒன்றுதான். சீல் பிரிந்தால் டெம்பரேச்சரை 5 டிகிரி ஏற்றுவார்கள். அடுத்த ஷிஃப்ட்காரர் வந்து இன்னொரு 5 ஏற்றுவார். மூன்றாம் நாள் ஃபிலிம் உருகி ஜாவில் (ஃபிலிமை இரண்டு பக்கமும் அழுத்தி ஒட்டும் சூடான தாடையில்) ஒட்டிக்கொள்ளும்போது, முதலில் இருந்த பழுது என்னவென்று ஒருவருக்கும் நினைவிருக்காது.

எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது என்ற வரிசை கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இங்கே சொல்வது காலர் வைத்த செங்குத்து மெஷினைப் பற்றி. ரோலிலிருந்து ஃபிலிம் வந்து, காலரில் குழாயாக மடங்கி, நெட்டு சீல் விழுந்து, மேலிருந்து சரக்கு இறங்கி, குறுக்கு சீல் விழுந்து, கத்தி வெட்டி, பவுச்சாகக் கீழே விழும் வகை. ரெடிமேட் பவுச்சை எடுத்துத் திறந்து நிரப்பும் மெஷினுக்கு சீல், ஹீட்டர், எடை, காற்று பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

## 1. பெட்டியைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், அலன் கீ செட், ஸ்டீல் ஸ்கேல், பித்தளை பிரஷ், டெஃப்ளான் டேப், லெதர் கிளவுஸ், தொட்டுப் பார்க்கும் வகை டிஜிட்டல் தெர்மாமீட்டர். கூடவே இரண்டு தாள் வெள்ளைப் பேப்பரும் ஒரு கார்பன் பேப்பரும். கார்பன் பேப்பர் எதற்கு என்று ஐந்தாம் பகுதியில் வரும். இந்தப் பட்டியலில் விலை குறைந்ததும் அதிகம் உதவுவதும் அதுதான்.

கருவிகளைவிட முக்கியமானது ஒரு காகிதம். மெஷின் நன்றாக ஓடும் நாளில் எல்லா அளவுகளையும் எழுதி வையுங்கள்: குறுக்கு சீல், நெட்டு சீல் டெம்பரேச்சர், நிமிடத்துக்கு எத்தனை பவுச், காற்றழுத்தம், பவுச் நீளம், ஃபிலிமின் மைக்ரான், அதன் அடுக்குகள். ஸ்பிரிங் போல்ட், ஸ்டாப்பர் போல்ட் நிற்கும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். நல்ல நாளின் அளவு கையில் இல்லாமல் கெட்ட நாளில் எது மாறியது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரே அளவுப் பவுச்சாக இருந்தாலும் ஃபிலிம் மாறினால் தனிக் காகிதம் வேண்டும். பாலியெஸ்டரும் பாலித்தீனும் சேர்ந்த லேமினேட்டுக்குப் போட்ட செட்டிங்கில் பிஓபிபி (இழுத்து நீட்டிய பாலிப்ரொப்பிலீன்) லேமினேட்டை ஓட்டினால் வெளி அடுக்கு சுருங்கும். பாலியெஸ்டர் உருக ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் வேண்டும்; பிஓபிபி 165 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். உள்ளே ஒட்டும் பாலித்தீனுக்கோ 110 டிகிரி சுமார் போதும். இந்த இடைவெளிக்குள்தான் நம் சீலிங் வேலை முழுக்க நடக்கிறது.

## 2. கையை உள்ளே விடும் முன்

மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்து பூட்டுங்கள். காற்று வால்வையும் மூடி, உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றுங்கள். புதியவர்கள் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான். கரண்ட் இல்லாவிட்டாலும் சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கும். சிக்கிய பவுச்சை இழுத்த மறுகணம் ஜா மூடும், கத்தி சேர்ந்து வரும்.

எமர்ஜென்சி பட்டனை அழுத்திவிட்டோமே என்று கையை விடாதீர்கள். பல மெஷின்களில் அந்தப் பட்டன் ஓட்டத்தை மட்டும்தான் நிறுத்தும். ஹீட்டர் லைனில் கரண்ட் அப்படியே இருக்கும். ஜாவின் சூடு இறங்க அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கார்டு கதவின் (கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்புக் கதவின்) சென்சாரில் காந்தத்தை ஒட்டி ஏமாற்றி ஓட்டுகிற பழக்கம் எங்கே இருந்தாலும், வேறு வேலை பார்க்கும் முன் அந்தக் காந்தத்தைக் கழற்றுங்கள்.

## 3. முதலில் பவுச்சைப் படியுங்கள்

பழுது வந்ததும் மெஷினிடம் ஓடாதீர்கள். தொடர்ந்து விழுந்த 20 பவுச்சை வரிசை குலையாமல் எடுங்கள். ஒவ்வொன்றிலும் எண் போட்டு, ஆபரேட்டர் பக்கம் எது என்று மார்க்கரால் குறித்து, மேஜையில் பரப்புங்கள். குப்பைத் தொட்டியிலிருந்து பொறுக்கிய பவுச் உதவாது. அதில் வரிசை இருக்காது.

இப்போது ஒரே கேள்வி: கோளாறு ஒரே இடத்தில் வருகிறதா, இடம் மாறி மாறி வருகிறதா? எல்லாப் பவுச்சிலும் இடது மூலையில் மட்டும் பிரிந்தால் காரணம் மெஷினில் இருக்கிறது: ஜா, ஹீட்டர், டெஃப்ளான், ஏதோ ஒன்று. ஒன்றில் நடுவில், அடுத்ததில் ஓரத்தில், அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை என்றால் சரக்கு சீலில் சிக்குகிறது, இல்லாவிட்டால் ஃபிலிம் சுருங்கி மடிகிறது.

பிறகு இடைவெளியைக் கவனியுங்கள். சரக்கைக் கப்பால் அளந்து கொட்டும் கப் ஃபில்லரில் 4 கப் இருந்து, நான்குக்கு ஒரு பவுச் எடை குறைந்தால் அந்த ஒரு கப்பில்தான் கோளாறு. ஃபிலிமில் ஒரு கீறலோ மடிப்போ 198 மில்லிமீட்டருக்கு ஒருமுறை வந்தால் அதை 3.14ஆல் வகுங்கள், 63 வரும். 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரோலரைத் தேடிப் பிடித்துத் துடையுங்கள்.

சீலைப் பிரித்துப் பார்ப்பதும் படிப்புத்தான். இழுத்ததும் இரண்டு ஃபிலிமும் பளபளப்பாக, இழைகூட இல்லாமல் பிரிந்தால் போதிய சூடு உள்ளே போகவில்லை. சீல் பிரியாமல் அதன் விளிம்பை ஒட்டி ஃபிலிமே கிழிந்து, அந்த விளிம்பு சுருங்கி மொறமொறப்பாக இருந்தால் சூடு அதிகம். ஒட்டிய பரப்பின் குறுக்கே மெல்லிய கோடு போல ஒட்டாத பாதை இருந்தால் அங்கே தூளோ எண்ணெயோ இருந்திருக்கிறது.

## 4. ஃபிலிம் வரும் பாதை

சீலிங் கோளாறு என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு இங்கே தொடங்குகிறது. அதனால் ஜாவுக்குப் போகும் முன் ரோலிலிருந்து காலர் வரை விரலை வைத்துக்கொண்டே வாருங்கள்.

ரோலை மாட்டியதும் முதலில் ஒட்டும் பக்கம் எது என்று பாருங்கள். ஒரு துண்டை உள்பக்கம் உள்ளே வரும்படி மடித்து சூடான ஜாவில் அழுத்தவும். பிறகு திருப்பி மடித்து இன்னொரு முறை. எது ஒட்டுகிறதோ அது உள்ளே வர வேண்டிய பக்கம். தலைகீழாக மாட்டினால் பவுச் ஒட்டாமல் ஜாவில் ஒட்டும். நெட்டு சீல் ஒன்றன்மேல் ஒன்று படியும் வகையாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒட்டுகிற ஃபிலிம் வேண்டும். உள்பக்கமும் உள்பக்கமும் சேரும் துடுப்பு வகைக்கு ஒரு பக்கம் போதும்.

அடுத்தது இழுவிசை. கையால் பிரேக் வைக்கும் மெஷினில் இதை மறக்கக் கூடாது: பிரேக்கின் பிடி மாறாவிட்டாலும் ரோல் குறையக் குறைய ஃபிலிமின் இழுவிசை ஏறும். ரோலின் விட்டம் 300 மில்லிமீட்டரிலிருந்து 100 ஆனால் இழுவிசை மூன்று மடங்கு. காலையில் ஒழுங்காக ஓடிய மெஷினில் ரோல் முடியும் நேரத்தில் பவுச் நீளம் குறைவதற்கு இதுதான் காரணம். ரோல் பாதியானதும் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

ஃபிலிம் ஒரு பக்கமாக ஓடினால் காலரைத் திருகாதீர்கள். ரோல் ஷாஃப்ட்டை நகர்த்தி, ரோலின் நடுவும் காலரின் நடுவும் ஒரே கோட்டில் வரச் செய்யுங்கள். காலர் நுட்பமான பொருள். அதன் விளிம்பில் நகத்தில் தட்டுப்படும் சின்னப் பள்ளம் இருந்தாலே ஃபிலிமில் நெடுகக் கோடு விழும். ஒட்டியதைச் சுரண்ட ஸ்டீல் பிளேடு எடுப்பவரின் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிடுங்கள். மரத்துண்டும் ஈரத்துணியும் போதும்.

## 5. சீலிங்: டெம்பரேச்சர் கடைசியில்

சீலுக்கு வேண்டியவை சூடு, அழுத்தம், நேரம். இதில் சூடு மட்டும் திரையில் எண்ணாகத் தெரிகிறது. அதனால் எல்லோரும் அதைத் தொடுகிறார்கள். நான் பார்க்கும் வரிசை: சுத்தம், அழுத்தம், நேரம், கடைசியில் சூடு.

சுத்தம். ஜா வெதுவெதுப்பாக இருக்கும்போது பித்தளை பிரஷ்ஷால் பற்களின் போக்கிலேயே தேயுங்கள். முழுக்க ஆறியபின் ஒட்டிய பாலித்தீன் வராது, கொதிக்கும்போது இழுபடும். டெஃப்ளான் டேப் பழுப்பேறியிருந்தாலோ நூல் தெரிந்தாலோ மாற்றுங்கள். பழைய டேப்பின் மேலேயே புதியதை ஒட்டுவது பரவலான கெட்ட பழக்கம். அடுக்கு கூடினால் சூடு தாமதமாகப் போகும். பிறகு டெம்பரேச்சரை ஏற்றச் சொல்லும்.

அழுத்தம். கார்பன் பேப்பர் இப்போது வேண்டும். ஜா ஆறியிருக்கட்டும். இரண்டு வெள்ளைப் பேப்பருக்கு நடுவே கார்பனை வைத்து, மேனுவல் மோடில் ஜாவை ஒருமுறை மூடித் திறங்கள். கையால் பிடித்துக்கொண்டு நிற்காமல், பேப்பரை டேப்பால் தொங்கவிட்டுச் செய்யுங்கள். பற்களின் அச்சு பேப்பரில் விழும். இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை ஒரே கருமையில் விழுந்தால் ஜா நேராக இருக்கிறது. ஒரு பக்கம் கருத்து மறுபக்கம் வெளுத்தால் ஜா சாய்ந்திருக்கிறது. ஒவ்வொரு பல்லும் இரட்டைக் கோடாக விழுந்தால் பல் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் மேல் பல் ஏறுகிறது.

ஒரு முறை இரவு ஷிஃப்டில் என்னை எழுப்பினார்கள். 150ல் ஓடிய மெஷின் 185ல் நின்றது, அப்போதும் வலது மூலை பிரிந்தது. மூன்று பேர் மூன்று கன்ட்ரோலரையும் திருகியிருந்தார்கள். கார்பன் வைத்துப் பார்த்தால் வலது கால்வாசியில் அச்சே இல்லை. பின் ஜாவைப் பிடிக்கும் ஒரு போல்ட் அரைச் சுற்று தளர்ந்திருந்தது. போல்ட்டை இறுக்கி டெம்பரேச்சரை 150க்கே இறக்கினேன். எட்டு நிமிட வேலை, ஐந்து மணி நேர வேஸ்ட்.

நேரம். கேமில் (சுழன்று ஜாவைத் தள்ளும் வட்டு) ஓடும் மெஷினில் வேகத்தைக் கூட்டினால் ஜா மூடியிருக்கும் நேரம் தானாகக் குறையும். ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு ஜா மூடியிருக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 40 பவுச் என்றால் அரை விநாடி கிடைக்கும். 60 ஆக்கினால் 0.33 விநாடிதான். அவசரத்துக்கு வேகத்தைக் கூட்டிவிட்டு ‘நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது’ என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நேற்று என்ன வேகம் என்பது.

சூடு. மேலே மூன்றும் சரியாக இருந்தும் சீல் பளபளவென்று பிரிந்தால் மட்டும் டெம்பரேச்சர். முதலில் தொட்டுப் பார்க்கும் தெர்மாமீட்டரால் ஜாவின் இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். திரையில் தெரிவது சென்சார் இருக்கும் இடத்தின் சூடு. ஃபிலிம் தொடும் முகத்தின் சூடு அதைவிடக் குறைவாகவே இருக்கும். எவ்வளவு குறைவு என்பதைவிட மூன்று இடங்களும் ஒத்துப்போகின்றனவா என்பதைப் பாருங்கள். ஏற்றும்போது ஒரு தடவைக்கு 3 டிகிரி, அதன் பின் சில நிமிடம் ஓட்டம், பிறகு பவுச். ஒரே நேரத்தில் இரண்டு அளவை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தும் ஒழுகும் ஓர் இடம் உண்டு: நெட்டு சீல் குறுக்கு சீலைக் கடக்கும் இடம். மற்ற இடத்தில் 2 அடுக்கு ஃபிலிம் என்றால் துடுப்பு வகையில் அங்கே 4 அடுக்கு. அந்தப் படியின் ஓரத்தில் ஊசிமுனை அளவு சந்து நிற்கும். காலி பவுச்சில் சாயம் கலந்த தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு மேல் ஓரத்தை மடித்துப் பிடித்து, அடி சீலை ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்து அமுக்குங்கள். நிறம் ஒரு புள்ளியாக வெளியே வரும். அங்கே அழுத்தமும் நேரமும்தான் உதவும். சூட்டை ஏற்றினால் பக்கத்து 2 அடுக்கு பொசுங்கும்.

## 6. ஹீட்டர் ஏறவில்லை, அல்லது நிற்கவில்லை

கரண்ட்டை நிறுத்தி, ஹீட்டர் வயரைக் கழற்றி ஓம் அளவு பாருங்கள். வோல்டேஜை அதாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் வர வேண்டிய ஓம் கிடைக்கும். 230 வோல்ட், 250 வாட் என்று பொறித்த ஹீட்டர் ஏறக்குறைய 212 ஓம் காட்ட வேண்டும். ஒரு ஜாவில் இரண்டு ஹீட்டர் இணையாக இருந்தால் சேர்த்து 106. அங்கே 212 காட்டினால் ஒன்று செத்துவிட்டது. இந்தப் பழுதில் டெம்பரேச்சர் எப்படியோ செட் அளவுக்கு ஏறிவிடும்; ஆனால் ஜாவின் ஒரு பாதி ஆறியே இருக்கும். பல நாள் கண்டுபிடிக்கப்படாமல் ஓடும்.

ஹீட்டர் சரி, ஆனால் சூடு எண்ணைத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது என்றால் எஸ்.எஸ்.ஆரைச் (ஹீட்டருக்குக் கரண்ட்டை விட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் ரிலேயை) சந்தேகியுங்கள். அது கெடும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே நின்றுவிடும். கன்ட்ரோலரின் அவுட்புட் விளக்கு அணைந்திருக்கும்போது ஹீட்டர் வயரில் கிளாம்ப் மீட்டர் ஆம்பியர் காட்டினால் எஸ்.எஸ்.ஆர் போய்விட்டது. வோல்டேஜை அளந்து முடிவு செய்யாதீர்கள். ஆஃப் நிலையிலும் சிறு கசிவு இருக்கும், மீட்டர் ஏமாற்றும்.

தெர்மோகப்பிள் (ஜாவின் சூட்டை அளக்கும் சென்சார்) மாற்றிய மறுநாள் வரும் பழுதுகள் மூன்று. ப்ளஸ், மைனஸ் மாறினால் ஜா சூடாக ஆக எண் இறங்கும். கன்ட்ரோலரும் விடாமல் சூடாக்கும். ஜே டைப் சென்சாரைப் போட்டுவிட்டு கன்ட்ரோலரை கே டைப்பிலேயே விட்டால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும்; திரையில் சரியான எண், பவுச்சில் ஒட்டாத சீல். முனை துளையின் அடிவரை போகாமல் பாதியில் நின்றால் எண் குறைவாகத் தெரியும், ஃபிலிம் பொசுங்கும்.

## 7. நீளம் மாறுகிறது, பிரிண்ட் நகர்கிறது

முதலில் ஐ மார்க்கை (ஃபிலிமில் அச்சிட்ட மார்க்கைப் பார்த்து நீளத்தைச் சரிசெய்யும் சென்சாரை) அணைத்துவிட்டு, நீள செட்டிங்கில் மட்டும் 20 பவுச் ஓட்டுங்கள். நீளம் ஒரே அளவாக வந்தால் இழுக்கும் பகுதி நன்றாக இருக்கிறது. பழுது சென்சார் பக்கம். அப்போதும் மாறினால் ஃபிலிம் நழுவுகிறது. ரோலர் ரப்பர் வழுக்கி மினுங்குகிறதா, பெல்ட்டில் எண்ணெய் பட்டிருக்கிறதா, பிரேக் இறுகியிருக்கிறதா, என்கோடர் (ஃபிலிம் நகரும் நீளத்தை அளக்கும் கருவி) கப்ளிங்கின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள்.

சென்சார் பக்கம் என்றால் லென்ஸைத் துடைத்துவிட்டு, ஃபிலிமைக் கையால் மெதுவாக நகர்த்தி, மார்க் கடக்கும்போது விளக்கு மாறுகிறதா என்று கவனியுங்கள். சிவப்பு வெளிச்சம் விடும் சென்சாருக்கு வெள்ளை ஃபிலிமில் உள்ள சிவப்பு மார்க் தெரியாது. இரண்டுமே அதற்கு ஒரே வெளுப்பு. பச்சை வெளிச்சம் வேண்டும். வெள்ளிநிற ஃபிலிமில் வெளிச்சம் நேராகத் திரும்பி அடித்துக் குழப்பும்; சென்சாரை 10 முதல் 15 டிகிரி சாய்த்துப் பொருத்தினால் அடங்கும். மார்க் வரும் நெடுவரிசையில் வேறு எழுத்தோ படமோ இருந்தால் அதையும் மார்க் என்று எண்ணும். இது டிசைன் போடும் இடத்தில் திருத்த வேண்டியது. மெஷினில் திருத்த முடியாது.

## 8. எடை

தராசு சமதளத்தில் இருக்கிறதா, மேலே ஃபேன் காற்று அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 10 காலி பவுச்சை எடை போட்டுச் சராசரி எடுங்கள்; அது கழிக்க வேண்டிய எடை. பிறகு தொடர்ந்து 20 பவுச்.

எடை ஒரே சீராக இறங்கிக்கொண்டே போனால் ஹாப்பரில் (சரக்கு கொட்டி வைக்கும் மேல் தொட்டியில்) மட்டம் குறைகிறது, அல்லது சரக்கு பாலம் கட்டி நிற்கிறது. மேலும் கீழுமாகத் துள்ளினால், தூளுக்கு ஆகரில் (தூளைத் தள்ளி இறக்கும் திருகில்) கிளட்ச் பிரேக் தேய்ந்து எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்கிறது. சரக்கின் அடர்த்தியே மாறுவதும் உண்டு: புதிதாகக் கொட்டிய தூளில் காற்று கலந்திருக்கும், அதே கொள்ளளவு எடை குறைவாக வரும். கப் ஃபில்லரும் ஆகரும் அளப்பது கொள்ளளவை, எடையை அறியாது. மூட்டை மாறும்போதெல்லாம் எடை பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஒரு பவுச்சின் எடை குறைந்தவுடன் செட்டிங்கை ஏற்றும் ஆபரேட்டர், அடுத்ததில் கூடியதும் இறக்குவார். அப்படித் துரத்தினால் துள்ளல் இரட்டிப்பாகும். 5 பவுச்சின் சராசரியைப் பார்த்துத்தான் கையை வைக்க வேண்டும்.

சீலில் தூள் சிக்குவதும் இங்கிருந்துதான் வருகிறது. சரக்கின் கடைசித் துகள் விழுந்து முடிவதற்குள் ஜா மூடினால் சிக்கும். ஃபில்லிங்கைச் சற்று முன்கூட்டியே தொடங்க வையுங்கள். ஆகரின் வாயில் சொட்டும் தூள் நின்றிருக்கிறதா பாருங்கள். வறண்ட காற்றில் ஃபிலிமின் உள்சுவரில் தூள் பனி போல ஒட்டினால் அது நிலைமின்சாரம். எர்த் இணைப்பும் ஸ்டாடிக் பாரும் (நிலைமின்சாரத்தை நீக்கும் பட்டை) தான் மருந்து.

## 9. கத்தி

பவுச் சங்கிலியாகத் தொங்கினால் கத்தி மழுங்கியிருக்கிறது, அல்லது முழுத் தூரம் போகவில்லை. முதலில் தூரத்தைப் பாருங்கள்; கத்தி சிலிண்டருக்குப் போகும் டியூப் மடங்கியிருக்கும். வெட்டிய ஓரத்தில் ஒரே இடத்தில் நூல் போல இழுத்தால் அந்தப் பல் உடைந்திருக்கிறது. வெட்டு சீலின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தால் அடுத்த பவுச் ஒழுகும். அவ்வளவுதான்.

## 10. காற்று

கேஜை மெஷின் நிற்கும்போது பார்த்துப் பயனில்லை. ஓடும்போது, ஜா மூடும் அந்த நொடியில் முள்ளைப் பாருங்கள். நிற்கும்போது 6 பார் காட்டும் முள் ஜா மூடும்போது 4.5க்கு விழுந்தால் சீலிங் கோளாறின் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. 50 மில்லிமீட்டர் சிலிண்டர் 6 பாரில் ஏறக்குறைய 120 கிலோ விசையில் தள்ளும், 4.5ல் 90 கிலோதான். ஃபில்டர் அடைப்பு, சிறிய டியூப், கம்ப்ரஸரில் ஒரே லைனில் தொங்கும் மற்ற மெஷின்கள் என்று தேடுங்கள்.

ஃபில்டர் கிண்ணத்துத் தண்ணீரை ஒவ்வொரு ஷிஃப்டும் இறக்குங்கள். காற்றில் எண்ணெய் விடுவதில் ஒரு எச்சரிக்கை: இன்றைய வால்வுகளும் சிலிண்டர்களும் பலவும் தயாரிப்பிலேயே கிரீஸ் போட்டு வருபவை. எண்ணெய் விடத் தொடங்கினால் அந்தக் கிரீஸ் கழுவிப் போய்விடும். பிறகு நிறுத்தவே கூடாது. விடுவதாக இருந்தால் விட்டுக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

## 11. பராமரிப்பு எப்போது, எது

ஷிஃப்ட் தொடங்கும்போது ஜா, டெஃப்ளான், சென்சார் லென்ஸ், காற்றுத் தண்ணீர், கார்டு கதவின் ஸ்விட்ச். பத்து நிமிட வேலை. ஷிஃப்ட் முடியும்போது ஹாப்பர், ஃபில்லிங் குழாய், காலர். காலரை மறந்தால் மறுநாள் ஃபிலிம் நினைவுபடுத்தும்.

வாரம் ஒருமுறை கார்பன் பேப்பர் சோதனை செய்து, அந்தப் பேப்பரில் தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள். நான்கு பேப்பரை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஜா எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பழுது வரும் முன்பே தெரியும். அதே நாளில் எல்லா போல்ட்களின் பெயிண்ட் கோடும் நகர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை.

எண்ணெய், கிரீஸ் இடும்போது வரிசை தலைகீழாகிவிடக் கூடாது. துடைத்துவிட்டுப் போடுங்கள். தூள் படிந்த கைடு ராடில் எண்ணெய் விட்டால் இரண்டும் கலந்து உரசும் பசையாகி புஷ்ஷைத் தின்றுவிடும். உணவுப் பொருள் ஓடும் மெஷினுக்கு எச்1 தரம் என்று குறிப்பிட்ட உணவுத்தர எண்ணெய் மட்டும். இழுக்கும் பெல்ட், ரோலர் பக்கம் ஸ்ப்ரே டின்னைக் கொண்டே போகாதீர்கள்.

மாதம் ஒருமுறை, கரண்ட்டை நிறுத்திவிட்டு, பேனலில் ஹீட்டர் லைன் டெர்மினல்களை இறுக்குங்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி அவைதான் முதலில் தளரும். ஒவ்வொரு ஹீட்டரின் ஓம் அளவையும் எழுதுங்கள்.

நெடுநாள் நிறுத்தியிருந்த மெஷினை எடுத்ததும் முழுச் சூட்டுக்கு விடாதீர்கள். கார்ட்ரிட்ஜ் ஹீட்டருக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்ஸைடு ஈரத்தை உறிஞ்சும். கரண்ட் எர்த்துக்குக் கசிந்து பிரேக்கர் விழும். 60, 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துக் காயவிட்டு ஏற்றுங்கள். அப்படியும் விழுந்துகொண்டே இருந்தால் ஹீட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கசிவது எது என்று மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள்.

## 12. சரிசெய்த பின்

பழுது நீங்கியதும் முழு வேகத்துக்குப் போகாதீர்கள். சரக்கு இல்லாமல் 20 பவுச், சரக்கோடு பாதி வேகத்தில் 20, பிறகு வழக்கமான வேகம். ஒவ்வொரு படியிலும் இரண்டு பவுச்சைத் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். காலியாக ஓடும்போது நன்றாக விழும் சீல், சரக்கின் கனம் சூடான சீலின் மேல் விழும்போதுதான் பல் இளிக்கும்.

பிறகு பதிவேடு. ‘சீலிங் பிராப்ளம், சரி செய்தாயிற்று’ என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பவுச்சில் எங்கே பிரிந்தது, எதை எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு மாற்றினீர்கள், எதைத் தொட்டுப் பயனில்லாமல் பழைய இடத்துக்கே கொண்டுவந்தீர்கள் என்று எழுதுங்கள். கெட்ட பவுச் ஒன்றையும் நல்ல பவுச் ஒன்றையும் அதே பக்கத்தில் ஸ்டேப்பிள் அடியுங்கள்.

வெளியிலிருந்து சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டி வந்தால், போன் செய்யும் முன் இவை மேஜையில் இருக்கட்டும்: வரிசை எண் போட்ட 20 பவுச், அன்றைய கார்பன் பேப்பர், நல்ல நாளின் அளவுக் காகிதம், ஃபிலிம் ரோலின் லேபிள், திரையில் வந்த அலாரம் எண்ணின் போட்டோ. டெம்பரேச்சர் இப்போது எவ்வளவு என்பதோடு, பழுது வருவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.